மிதக்கும் எல்லைக்கல்

யாழ்ப்பாணத்து வடகரையில் மயிலிட்டி. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய மீனவர் அந்தோனி, பற்றை வெட்டிய தன் காணியோரத்தில் துளை துளையான ஒரு கறுத்த கல்லை எனக்குக் காட்டுகிறார்.

"அப்பா வச்ச எல்லைக்கல் அண்ணை. இஞ்சை முழுக்க வெள்ளைக் கல்லெல்லே. அடையாளம் மாறாதெண்டு கடல் ஒதுக்கின கறுப்பைக் கொண்டுவந்து வச்சவர்."

ஆபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில், வரிசையாய்க் குந்தியிருக்கும் எரிமலைக் கூம்புகளின் அடியில் இப்படிப்பட்ட நுரைக்கல்லை மிதித்து நடந்திருக்கிறேன். இந்தச் சுண்ணாம்புத் தரைக்கு எந்த நெருப்பு இதை அனுப்பியது? ஆவல் தாங்காமல் எடுத்து வாளித் தண்ணீரில் போடுகிறேன். மிதக்கிறது.

வேலி போடக் காத்து நிற்கும் பக்கத்துக் காணிக்காரர் சிரிக்கிறார். "நீந்துற கல்லோ? எத்தினை மாரி வெள்ளம் வந்தது. என்ரை காணிக்குள்ளை எவ்வளவு தூரம் வந்திட்டுதோ."

அந்தோனி ஈரக் கல்லைத் தூக்குகிறார். "இப்ப இதை எங்கை வைக்கிறது அண்ணை?"

எடுத்த இடத்தையாவது காட்டலாமென்று குனிகிறேன். வெட்டிய பற்றைச் சருகுக்குள் அதுவும் தெரியவில்லை.