வாப்பாவின் குரலும் மீன்பெட்டி ஐஸும்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு மீன் வாடை உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். சூடேறிய தூசியும் பாரை மீனும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் எங்காவது வந்தால், கனமூலை ஊரில் எங்கள் வீட்டு முன்னறையும், மூடி கழற்றிய அந்தப் பெட்டியும், அதற்குள் தலையை விட்டிருந்த என் மூத்தவள் ராத்தாவும் என் கண்முன் வந்துவிடுவார்கள்.

கொழும்புக் கந்தோர் ஒன்று அலுவலக வேலைக்கு இனி உதவாதென்று கழித்துவிட்ட பழசு அது. மீன் லொறி ஓடும் மாமா கொண்டுவந்து தந்தார். கட்டாரில் வேலை செய்த வாப்பா, தான் பேசுவதைப் படம்பிடித்து ஒரு "சீடி"யில் அனுப்பியிருந்தார். ஆசையாகப் போட்டுப் பார்த்தால், முகம் உறைவதும் உதறுவதுமாக, பேச்சு அறுந்து அறுந்து வந்தது. உம்மா அழத் தொடங்கிவிட்டார். "மனுசனுக்கு வாதம் அடிச்சிரிக்கி. நமக்கு மறைக்கிறாங்க." சீடி பார்க்க வசதியுள்ள பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோக விடவில்லை. "பொண்டாட்டி புள்ளைக்குச் சொன்ன கதைய ஊரே கேக்கணுமா?"

"வாப்பாக்கு ஒண்டுமில்ல உம்மா. இந்தப் பெட்டிக்குத்தான் ஓட ஏலாம இரிக்கி" என்றாள் ராத்தா. கொம்பியூட்டரின் மூளையான "புரொசசர்" வேகத்தைக் கூட்டலாம், ஆனால் நீங்கள் கைவைக்காதீர்கள் என்று மதுரங்குளிக் கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்த சேர் சொல்லியிருந்தாராம். கைவைக்காதே என்றால் ராத்தாவுக்குப் போதும்.

பெட்டிக்குள் இருந்த பலகையில் சோற்றுப்பருக்கை அளவில் இருந்த செருகியை ஒரு கம்பியிலிருந்து அடுத்ததுக்கு மாற்றினாள். செய்தவன் வைத்த வேகத்தைத் தாண்டி ஒரு பொருள் ஓடுமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஓடியது, ஆனால் கொதித்துப்போய்க் கொஞ்ச நேரத்தில் நின்றது. அப்போதுதான் பள்ளிவாசல்துறையிலிருந்து மாமா ஐஸ் போட்டு மீன் கொண்டுவந்த, பஞ்சுபோல் கனமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ராத்தாவின் கண்ணில் பட்டது. மீனைச் சட்டிக்கு மாற்றிவிட்டு, மிச்ச ஐஸைக் கொம்பியூட்டர் முன்னால் வைத்து, மேசை விசிறியை அதன்மேல் திருப்பிவிட்டோம்.

வாப்பா பேசினார். சுகம் விசாரித்தார், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகச் சொன்னார். ஒரு சொல்லும் அறவில்லை. உம்மா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பெருநாளைக்கு லீவு கெடைக்கல்ல..." என்று தொடங்கிய வாப்பா, அப்படியே நின்றுபோனார்.

"திரும்பவும் சூடாகிட்டு!" ராத்தா ஐஸை அள்ள ஓடினாள். வாப்பாவின் பின்னால் சுவரில் தொங்கிய மணிக்கூட்டை நான் பார்த்தேன். அதன் விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

"ராத்தா, மெஷின் ஓடுது" என்றேன்.

கையில் ஐஸ் உருகிச் சொட்ட ராத்தா நின்றாள். உம்மா திரைக்குக் கிட்டப் போய், அவருக்குக் கேட்கும் என்பதுபோல, "அழாதீங்க" என்றார்.

மீன் ஐஸின் உப்பு ஈரம் சும்மா விடுமா? பலகையெல்லாம் பச்சை பூத்து, கொம்பியூட்டர் சீக்கிரமே செத்தது. அந்தச் சீடியும் போய்விட்டது. வாப்பா ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். இப்போது கட்டாரில் இருப்பது நான். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். சிலவேளை பேச்சு நடுவில் வாப்பாவின் முகம் அசையாமல் நின்றுவிடும். "லைன் சரியில்ல மகள்" என்பார் பக்கத்திலிருக்கும் உம்மா. வாப்பாவின் பின்னால் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஓம் உம்மா, லைன்தான்" என்பேன்.