டைனமோவில் ஓடிய ஆங்கிலம்

சைக்கிள் கடையில் டைனமோ உரசிச் சூடான ரயரின் மணம் இன்று மூக்கில் ஏறியதும், சாவகச்சேரி வீட்டு விறாந்தையில் கவிழ்த்து வைத்திருந்த எங்கள் சைக்கிளின் பெடலை என் கைகள் மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டன. மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்தப் போர்க்காலத்தில், டைனமோவில் இணைத்த ரேடியோவில்தான் அம்மா பின்னேரங்களில் ஆங்கிலப் பாடம் கேட்பார். என் கை களைத்தால் ரேடியோவின் குரல் தேயும், அம்மாவோ கீரை ஆய்ந்தபடி வசனங்களை உரக்கச் சொல்லிக்கொண்டேயிருப்பார்.

"உடம்பு சரியில்லாட்டி 'அண்டர் த வெதர்' எண்டு சொல்ல வேணுமாம்," என்றார் ஒருநாள்.

"உதை ஆரோடை கதைக்கப் போறியள்?" என்று பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா சிரித்தார்.

அந்த மாதமே அவருடைய மகளுக்குக் காய்ச்சல் முற்றியது. அம்மாவும் நானும் துணைக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு டொக்டர் "பெனிசிலின்" என்றபடி ஊசியை எடுத்தார். மொழிபெயர்க்கும் தாதி அப்போது அங்கே இல்லை.

"உந்த மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. போனமுறை மூச்சே நிண்டிட்டுது," என்று பூமணி அக்கா தமிழில் கெஞ்சினார்.

அம்மா முன்னால் போய் நின்றார். "டொக்டர், பிளீஸ் வெயிட். பெனிசிலின் இஸ் டேஞ்சரஸ் ஃபோர் ஹெர்."

டொக்டர் ஊசியைக் கீழே வைத்து, வேறு மருந்து எழுதிவிட்டு, "தாங்க் யூ" என்றார்.

"டோன்ட் மென்ஷன் இட்," என்றார் அம்மா, தோளை நிமிர்த்தி.

வெளியே வந்ததும் பூமணி அக்கா கேட்டார்: "கடைசியா என்ன சொன்னனீங்கள்?"

"இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் எண்டனான்."

பொழுதுபடுவதற்குள் பூமணி அக்கா அதை ஊர் முழுக்கக் கதைத்து முடித்துவிட்டார்.