கன்று வீசிய பசு

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "போயும் போயும் மாட்டு வியாதியை ஏன் மேடம் பிடிச்சீங்க?" ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். மாட்டுக்கு வந்து மனிதர்களையும் தொற்றும் கன்று வீச்சு நோய்தான் என் ஆராய்ச்சி முழுவதும். அந்த நோய் கண்ட பசு குறைமாதத்திலேயே கன்று போட்டுவிடும். அதை நான் முதலில் பார்த்தது சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் பக்கத்தில், எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில். அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா பலமனேர் சந்தையில் ஒரு ஜெர்சிப் பசு வாங்கி வந்தார். சினை மாடு. சித்தப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்ததால் சித்தி எங்களோடுதான் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் அவளும் முழுகாமல் இருந்தாள். நல்ல நேரம் பிறந்துவிட்டது என்று வீடே பூரித்துப்போனது. வைக்கோல் போடும்போதெல்லாம், "யாருது முதல்ல வருதுன்னு பாக்கலாமாடி?" என்று சித்தி அந்த மாட்டோடு பந்தயம் கட்டுவாள்.

மாடுதான் முந்திக்கொண்டது. கன்று செத்தே விழுந்தது. உடம்பில் மயிர்கூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. இளங்கொடி என்று நாங்கள் சொல்லும் நஞ்சுக்கொடி முழுசாக விழாமல் தொங்கிக்கொண்டு நின்றது. நைனாவின் கை முரட்டுக் கை, சித்தியுடையது சின்னக் கை. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விட்டு அவள்தான் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாடும் பாலாகக் கறக்குமாம். கன்றுதான் போய்விட்டது, பாலாவது மிஞ்சட்டும் என்று சித்தியே அந்த மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஒழுகி அவள் சேலை நனைந்துபோனது. "டாக்டருகூட வாணாம், எங்க வூட்டுப் பொண்ணே எடுத்துட்ச்சி" என்று நைனா பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

சில வாரங்களில் சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில மாடுகள் கன்று வீசின. திருப்பதியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மாள் ஜீப்பில் வந்தார். பசுவின் கழுத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு, இளங்கொடியை எடுத்தது யார் என்று கேட்டார். சித்தி சிரித்தபடியே கையைத் தூக்கினாள். அவர் சிரிக்கவில்லை.

"ஜ்வரம் வஸ்துந்தா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார்.

சாயங்காலமானால் காய்ச்சல் வருவதும் பிறகு வேர்த்து விடுவதும் சித்திக்குக் கொஞ்ச நாளாகவே இருந்தது. மாசமாக இருந்தால் உடம்பு சுடத்தான் செய்யும் என்று அம்மா சொல்லியிருந்தாள். சித்தி ஆமாம் என்று தலையாட்டியதும், அவளுக்கும் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார் அந்த அம்மாள்.

நைனாவுக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, நீ மாட்டு டாக்டரா, மனுச டாக்டரா? மாட்டுக்குக் குத்துன ஊசிய எத்துக்கினு புள்ளத்தாச்சிகிட்ட வர்றியே!"

இது புது ஊசி என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சித்தூர் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப்போங்கள், மாடு கன்று வீசியதை மறக்காமல் சொல்லுங்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"போய்ட்டு வந்துடட்டா மாமா?" என்று சித்தி நைனாவிடம் மெல்லக் கேட்டாள்.

"போயி இன்னான்னு சொல்லுவ? எங்க மாடு கன்னு வீசிட்ச்சி, எனுக்கு மருந்து குடுங்கன்னா? கைகொட்டிச் சிரிப்பானுங்க."

நினைத்துப் பார்த்துச் சித்தியே சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். ஜீப் கிளம்பிப் போனது.

அந்த மாதம் முடிவதற்குள் சித்தியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு சித்தூருக்கு ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது அவளுக்கு வயிறு இல்லை. ஆண் குழந்தையாம். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாட்டைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. எல்லாம் ஜீப்பில் வந்தவளுடைய கண்ணுதான் என்று நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாவி மனிதர், அவரும் அழுதுகொண்டேதான் சொன்னார்.

சித்தி நேராகக் கொட்டகைக்குப் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உனுக்கும் போச்சி, எனுக்கும் போச்சிடி" என்று கதறினாள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து அவளைப் பிரித்து இழுத்து வந்தார்கள். ஐயோ, எங்கள் வீட்டில் அன்று சரியாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

உடம்பு தேறட்டும் என்று அம்மா அந்தப் பசுவையே கறந்து, கறந்த சூட்டோடு, நுரைகூட அடங்காத பச்சைப் பாலைச் சொம்பு நிறையச் சித்தியின் கையில் கொடுத்தாள். தேம்பலுக்கு நடுவே அவள் மடக் மடக்கென்று குடித்தாள். நான் பக்கத்திலேயே நின்று சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை என்று அம்மாவோடு பேசாமல் நாளெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தேன்.