சைரனுக்குத் தொண்டை கட்டிய நாள்

இருநூற்றுப் பன்னிரண்டு. இந்த எண்ணை மனதில் வையுங்கள். தினக்கூலிக்கு அந்தப் படப்பிடிப்பு மைதானத்தில் கூட்டமாக நடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேர்.

அவர்களுக்குத் தலைவி சைரன். வைத்த பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். படப்பிடிப்பில் கூட்டத்தைக் கத்தவைப்பது அவள் பிழைப்பு. அவள் கை தூக்கினால் கூரை பறக்கும், இறக்கினால் அடங்கும். வீட்டில் மட்டும் அந்தக் கைக்கு மதிப்பில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தொலைக்காட்சித் தொடர். கதை, இரண்டு அணிகளின் பழைய கிரிக்கெட் பகை. ஜெயிக்கும் வெறியில் ஒரு கேப்டன், ஸ்டம்புக்கு வேண்டாம், உடம்புக்கு வீசு என்கிறான். பார்வையாளர்கள் கொதிக்கிறார்கள். அந்தக் கொதிப்புக்குத்தான் சைரனின் ஆட்கள்.

அடிவாங்கும் நடிகருக்குப் பதிலாக மட்டையோடு நின்றவன் அவள் தம்பி. டைல்ஸ் ஒட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடுகிறவன். டைரக்டருக்கு எல்லாம் தத்ரூபமாக வேண்டும். நிஜப் பந்து, சட்டைக்குள் பஞ்சுப் பட்டைகூட இல்லை. காலையிலேயே விலாவில் இரண்டு அடி. சாப்பாட்டு நேரத்தில் சைரன் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கத்தரிக்காய் நிறம்.

“ரப்பர் பந்து கேளுடா.”

“கேட்டா நாளைக்கு வேற ஆளு வந்துடுவான். அக்கா, உன்னைக் கும்பிடுறேன், எனக்காகப் பேசிடாத.”

“சரி, பேசல.”

தன் ஆட்களிடையே வரிசை வரிசையாக நடந்தாள். தன் விலாவைத் தொட்டாள், பிறகு தொண்டையைத் தொட்டு, உதட்டில் விரலை வைத்தாள். அந்த அடிகளை அவர்களும் பார்த்தவர்கள். கொடியும் வேண்டியிருக்கவில்லை, துண்டறிக்கையும் வேண்டியிருக்கவில்லை.

கேமரா ஓடியது. பந்து வீசுகிறவர் ஓடிவரத் தயாரானார். “கத்துங்க!” என்றார் டைரக்டர். யாரோ தும்மினார்கள்; பக்கத்திலிருந்தவர் முறைத்தார். அவ்வளவுதான் சத்தம்.

“கட்! என்னம்மா ஆச்சு?”

“தொண்டை கட்டிருச்சு சார்.” குரல் கரகரத்தது.

“இருநூத்திப் பன்னெண்டு பேருக்குமா?”

“ஒட்டுவாரொட்டி சார்!” என்றார் பின்வரிசைப் பெரியவர்.

“போங்க, சத்தத்தை நான் அப்புறம் சேத்துக்கிறேன்.”

“முகத்தையும் சேத்துக்குங்க சார்” என்றாள் சைரன்.

டைரக்டர் திரையைப் பார்த்தார். கொதிக்க வேண்டிய முகங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவை போல இருந்தன.

“இதுக்கு மருந்து?”

“ரப்பர் பந்து. மட்டை பிடிக்கிறவன் சட்டைக்குள்ள பஞ்சுப் பட்டை. உடனே கேக்கும்.”

“ஆளையே மாத்திட்டா?”

“வர்ற ஆளுக்கும் இதே மருந்துதான் சார்.”

டைரக்டர் தலையைச் சொறிந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. “அந்த ரப்பர் பந்தைக் கொண்டாங்கடா!”

பந்து பட்டது. தம்பி சுருண்டு விழுந்த அழகில் கேமராக்காரரே பதறி ஓடினார். சைரன் கை தூக்கினாள். மைதானம் அதிர்ந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி கேட்டான்: “பேச மாட்டேன்னு சொன்னியே?”

“உனக்காக எங்கடா பேசினேன்? தொண்டைக்கு மருந்து கேட்டேன்.”

தொடர் முடியும்வரை அவனே மட்டை பிடித்தான். அவன் விலாவில் அதன்பின் விழுந்த நிஜப் பந்துகள்: பூஜ்யம்.