டத்தோ பேசும்போது எழுந்து போனேன்

போன வருஷம் மலேசியாவுல, ஷா ஆலம்ல என் மகளோட பட்டமளிப்பு விழா. நாங்க பக்கத்து ஊரு கிள்ளான்காரங்க. எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி அவதான், நர்சிங். ஒரு பிள்ளைக்கு ரெண்டு டிக்கெட்டுதான்னு யூனிவர்சிட்டியில சொல்லிட்டதால நானும் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். புதுப் புடவை, தலை நிறைய மல்லிகைப் பூ. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரிதான் கிளம்பினேன், ஏன் மறைக்கணும்?

ஒரு விஷயம்தான் தொண்டையில முள்ளா நின்னுச்சு. சிறப்புப் பேச்சாளரா, சுல்தான் கையால டத்தோ பட்டம் வாங்கின ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தாங்க. பெரிய முதலாளி, புதுசா ஆஸ்பத்திரி திறக்கப் போறவரு. கர்ப்பிணிப் பொம்பளைங்களை வேலைக்கு வச்சா கம்பெனிக்கு நஷ்டம்னு ஒரு பேட்டியில சொல்லி, ஊரே கழுவி ஊத்தின ஆளு. அவரைப் போய் நர்சுங்களுக்குப் புத்தி சொல்லக் கூப்பிடுவாங்களா? பிள்ளைங்க எதிர்த்துப் பார்த்தாங்க. நிர்வாகம் மசியலை. கலாட்டா பண்றவங்களுக்கு மேடையில பட்டம் கிடையாதுன்னுட்டாங்க. போதாததுக்கு என் மகளுக்கு அந்த ஆஸ்பத்திரியிலதான் இன்டர்வியூ வந்திருந்துச்சு. "அம்மா, நீங்க ஏதும் பேசி வச்சிடாதீங்க, ப்ளீஸ் லா"ன்னு கெஞ்சினா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு அவளுக்குத் தெரியும்.

அவளுக்குத் தெரியாதது ஒண்ணு இருந்துச்சு. அவ என் வயித்துல இருந்தப்ப நான் தெலுக் பங்லிமா காராங்ல ஒரு ஃபேக்டரியில வேலை பார்த்தேன். வயிறு தெரிய ஆரம்பிச்சதும் சூப்பர்வைசர் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேணாம்னுட்டான். வாயைத் திறக்காம பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். தன்னாலதான் அம்மாவுக்கு வேலை போச்சுன்னு பிள்ளை நினைச்சிடக் கூடாதேன்னு சொல்லவே இல்லை.

விழா மண்டபத்துக் கதவைச் சாத்தினதும், வெளிய போறவங்க விழா முடியிற வரைக்கும் உள்ள வர முடியாதுன்னு அறிவிச்சாங்க. மகளுக்காக நானும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். டத்தோ உழைப்பு, விசுவாசம்னு என்னென்னவோ பேசினாரு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, பொம்பளைங்க நல்ல வேலைக்காரங்கதான், பிரசவ லீவு கேட்காத வரைக்கும்னாரு. மண்டபத்துல பாதிப் பேர் சிரிச்சுக் கைதட்டினாங்க.

எழுந்துட்டேன். வீட்டுக்காரர் முந்தானையைப் பிடிச்சு இழுத்தாரு. "ஏய், உட்காரு லா! மக பட்டம் வாங்குறதைப் பார்க்க வேணாமா?"

பார்க்கணும். அதுக்குத்தானே இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்! ஆனா அந்தச் சிரிப்புக்கு நடுவுல என்னால உட்கார முடியலை. "நீங்க பாருங்க"ன்னு சொல்லிட்டு நடந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டுமே, நான் என்ன திருடிட்டா போறேன்? வாசல்ல நின்ன பொண்ணு, "ஆன்டி, திரும்ப உள்ள விட மாட்டாங்க"ன்னு பதறினா. தெரியும்மா, கதவைத் திறன்னேன்.

வெளிய பூங்கொத்து விக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு டிவியில விழாவைக் காட்டினாங்க. அது முன்னாடி போய் நின்னேன். கொஞ்ச நேரத்துல கதவு மறுபடி திறந்துச்சு. முன்ன பின்ன தெரியாத ஒரு மலாய்க்கார அம்மா வந்து பக்கத்துல நின்னாங்க. அவங்க மருமகளையும் வயித்துப் பிள்ளையோட வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாம். சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. டிவியில என் மக பேரைக் கூப்பிட்டப்ப அழுதுக்கிட்டே கைதட்டினேன். அந்த அம்மாவும் சேர்ந்து தட்டினாங்க.

விழா முடிஞ்சு வந்த மகளுக்கு முகமெல்லாம் சிவந்து கிடந்துச்சு. "ஏம்மா போனீங்க? மேடையில நின்னு உங்களைத்தானே தேடினேன்!"னு கத்தினா. அது சுருக்குன்னு குத்துச்சு. அங்கேயே அந்த ஃபேக்டரி கதையைச் சொன்னேன்.

அடுத்த வாரம் டத்தோ ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்குப் போனா. போனதும் அவளே முதல் கேள்வியைக் கேட்டாளாம்: இங்க பிரசவ லீவு எத்தனை நாள்? வேலை கிடைக்கலை. இப்ப வேற ஆஸ்பத்திரியில நல்லா இருக்கா.

பெத்தவ நேர்ல பார்க்கலையேன்னு சொந்தக்காரங்க இன்னும் உச்சுக் கொட்டுறாங்க. எனக்கும் அந்த வருத்தம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவளை நான் சுமந்ததை நஷ்டம்னு ஒருத்தன் மேடையேறிப் பேச, அவ அம்மா உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தாள்னு இனி எவனும் சொல்ல முடியாது.