வௌவால் மரத்துக்கு எதிர் அறை

தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியக்காதான். பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. எப்பேர்ப்பட்ட கையிலும் நரம்பைப் பிடித்துவிடுவாள். முழங்கை மடிப்பில் விரலை வைத்து, ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல மெல்ல நகர்த்தி, "ம்ம், இருக்கான்" என்பாள். அந்த வார்த்தை முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே அவள் வாசலில்தான் இருக்கும். சர்க்கரை பார்க்க வருபவர்கள், டாக்டர் எழுதிய ஊசியைப் போட்டுக்கொள்ள வருபவர்கள், சும்மா ஊர்க்கதை பேச வருபவர்கள்.

கணவருக்கு வீட்டின் முன்பக்கமே டூவீலர் மெக்கானிக் கடை. கை கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடுவார் என்பதைத் தவிர அவர்மேல் அவளுக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் தலைவலி என்று வந்து சேர்ந்தான். ஊசியக்காதான் அவனுக்கு ரத்தம் எடுத்தாள். அன்று கையுறை மட்டும் போட்டிருந்தாள், முகக்கவசம் இல்லை. வெறும் தலைவலிக்கு யார் போடுவார்கள்? அவன் ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருமிக்கொண்டே, "முடிஞ்சிருச்சாக்கா? தெரியவே இல்லையே" என்றான். அந்த வாரக் கடைசியில் அவன் இறந்துபோனான். பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வரும் வைரஸ் என்று முடிவு வந்தது. அவனைத் தொட்டவர்கள் எல்லோரும் மூன்று வாரம் தனியறையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஈரச் சட்டையை வாளியில் போட்டுவிட்டு, எதையும் தொடாமல், முழங்கையால் கதவைத் தள்ளி மாடி அறைக்குள் போனாள். உள்ளிருந்து சத்தமாகக் கணவரிடம் சொன்னாள்: "ஏங்க, மேல வராதீங்க. சாப்பாட்டப் படியில வெச்சிட்டு குரல் குடுங்க. என் துணி எதையும் தொடாதீங்க."

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகாம இருக்கத்தான் சொல்றேன்."

மாடியில் இருந்தது அந்த ஓர் அறையும் ஒரு குளியலறையும்தான். தெருவிலிருந்து நேராக ஏறிவரும் வெளிப்படிக்கட்டு, அதன் அடியில் ஓர் இரும்புக் கதவு. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே, தெருவுக்கு அந்தப்பக்கம் பாழ்மனையில் ஒரு பெரிய அத்திமரம். கருப்புத் துணிமூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டதுபோல மரம் முழுக்க வௌவால்கள்.

முதல் சில நாள்கள் அவள் ஜன்னலைத் திறக்கவே இல்லை. காலையும் மாலையும் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா போன் செய்து காய்ச்சல் அளவு கேட்பார். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்திருக்கும் அந்த ஒரு நிமிஷம், நொடிகளை விரல்விட்டு எண்ணுவாள். குனிந்து எழுந்தால் தலை சுற்றும். உடனே "வந்திருச்சு" என்று தோன்றும். தண்ணீர் குடிக்கும்போது தொண்டை கரகரத்தால் குடிப்பதையே நிறுத்திவிடுவாள். சுவரிலிருந்து சுவருக்கு நடப்பாள். அறை ஒரு கட்டில், ஒரு நாற்காலி, உடைந்த தையல் மெஷின் மூன்றையும் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் தர மறுத்தது. மகள் வீடியோவில் அழைத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ரெஸ்ட் எடுக்கறேன்டி, மகாராணி மாதிரி" என்பாள்.

வெக்கை தாங்க முடியாமல் ஒரு மத்தியானம் ஜன்னலைத் திறந்தாள்.

வௌவால்கள் தூங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தாள். அவை சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நல்ல நிழல் கிளைக்கு ஒன்றையொன்று தள்ளின. வந்த புதுசைப் பழையது கட்டைவிரல் நகத்தால் அறைந்தது. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றும் ஓர் இறக்கையை மட்டும் விரித்து விசிறிக்கொண்டது. அதற்கும் அடங்காதவை இறக்கையை நக்கி நக்கி ஈரமாக்கின. ஒன்று திடீரென்று கட்டைவிரல்களால் கிளையைப் பிடித்துத் தலை மேலாக நிமிர்ந்தது. எதற்கு என்று பார்த்தால், சிறுநீர் கழிக்க. முடிந்ததும் மறுபடி தலைகீழ். ஊசியக்காவுக்கு எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரிப்பு வந்தது.

அன்று மாலை டாக்டரம்மாவிடம் கேட்டாள். "இப்படித் தொங்கிக்கிட்டே தூங்குதே மேடம், பிடி நழுவாதா?"

டாக்டரம்மா காய்ச்சல் வேலைக்கு வருவதற்கு முன் வௌவால்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் பேசினார். "பிடிக்கறதுக்கு அதுக்கு பலமே வேணாங்க. உடம்பு எடை இழுக்க இழுக்க, கால்ல இருக்கற தசைநாண் விரல்களத் தானா மடக்கிப் பூட்டிடும். விடறதுக்குத்தான் முயற்சி பண்ணணும். செத்தாக்கூட சிலது தொங்கிட்டேதான் இருக்கும்."

"ராத்திரியில கத்தி, எதிரொலி வெச்சு வழி பாக்குமாமே?"

"அது சின்ன வௌவால், பூச்சி தின்றது. உங்க எதுத்தாப்பல இருக்கறது பழம் தின்றது. இதுக்குக் கண்ணும் மூக்கும்தான். கண்ணப் பாருங்க, எவ்வளவு பெருசுன்னு."

கண்ணைப் பார்த்தாள். வட்டமான, பழுப்பு நிறக் கண்கள். முகம் நாய்க்குட்டி மாதிரி. மார்போடு ஒட்டிக்கொண்டு குட்டிகள். ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் என்றார் டாக்டரம்மா. இருட்டத் தொடங்கினால் தாய் அந்தச் சுமையோடேயே இரை தேடப் பறந்துபோகும். இறக்கை ஓரத்தில் கிழிசல் உள்ள ஒரு தாயை அவள் தினமும் தேடிக் கண்டுபிடித்தாள். அதன் குட்டி வளர்ந்து கனத்துவிட, ஒருநாள் தாய் அதை மரத்திலேயே விட்டுவிட்டுப் போனது. விடியும் நேரத்தில் திரும்பிவந்து கிளைகிளையாகத் தாவிக் கத்தியது. எத்தனையோ குட்டிகள் பதிலுக்குக் கத்தின. ஒன்றை முகர்ந்தது, விட்டது. இன்னொன்றை முகர்ந்தது, விட்டது. தன்னுடையதை முகர்ந்ததும் இறக்கையால் மூடிக்கொண்டது. ஊசியக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஆனால் அவளுக்கு அவற்றைப் பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல முடியாது. அந்த இளைஞனைக் கொன்றது அவற்றிடமிருந்து வந்ததுதான். பார்க்கும்போதே பயமும் இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அந்த அறையில் வேறு என்ன இருந்தது?

தெருவில் இதற்குள் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. கடைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. பஞ்சர் ஒட்டக்கூட அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்வரிசை மாடி வீட்டு அம்மா, ஞாயிறு தவறாமல் சர்க்கரை பார்த்துக்கொண்டவர், இவள் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டதும் தன் ஜன்னலைப் பட்டென்று சாத்தினார். ஒருநாள் கீழிருந்து பேச்சு கேட்டது. மரத்தடியில் டயரைக் கொளுத்திப் புகை போட்டு, வெடி வெடித்து, வௌவால்களை ஒட்டுமொத்தமாகத் துரத்திவிடப் போகிறார்கள்.

ஊசியக்கா உடனே டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள்.

"ஐயோ, வேணாம்னு சொல்லுங்க," என்று பதறினார் அவர். "கலைச்சு விட்டா நாலு மரத்துக்குப் பிரிஞ்சு போகும். பயந்துபோன வௌவால்தான் வைரஸ அதிகமா வெளிய விடும். எச்சிலும் மூத்திரமும் தெரு முழுக்க சிதறும். பறக்கத் தெரியாத குட்டிங்க கீழ விழும், சின்னப் பசங்க ஆசையா எடுப்பாங்க. மரத்தடிக்கு யாரும் போகாம, அது கடிச்ச பழத்தத் தொடாம இருந்தாலே போதும். நான் ஆள் அனுப்பறேன்."

ஆள் வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம், பத்துப் பதினைந்து பேர், வெடிக்கட்டும் மண்ணெண்ணெயுமாக. ஊசியக்கா ஜன்னலிலிருந்து கத்தினாள். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னாள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நோய வாங்கிட்டு வந்தவ நமக்கு வைத்தியம் சொல்றா" என்று ஒரு குரல்.

அப்போதுதான் டயர்களைக் கண்டாள். இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, ஒன்றைக் கையால் உருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார் அவள் கணவர்.

"என்னங்க!" என்றாள். அவர் நிற்கவில்லை.

அவளுக்கு அந்த நொடியில் என்ன தோன்றியது என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தாள். வெளிப்படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்தாள்.

கீழே ஒருவன் பார்த்துவிட்டான். "ஏய், இறங்கறா!"

தெரு அப்படியே பின்வாங்கியது. அவள் இன்னொரு படி இறங்கினாள். இன்னும் பின்வாங்கியது. இத்தனை வருஷம் கையை நீட்டிக்கொண்டு வந்த அதே ஆட்கள்.

"கொளுத்துங்க," என்றாள். "நல்லாக் கொளுத்துங்க. தீக்குச்சி உரசற சத்தம் கேட்டா, நான் கீழ வந்து உங்க நடுவுல நிப்பேன். ஒவ்வொருத்தர் கையா பிடிச்சுப் பேசுவேன்."

"பைத்தியமா உனக்கு? குழந்தைங்க இருக்கற தெரு!" மாடி வீட்டு அம்மா கத்தினார்.

"அந்தக் குழந்தைங்களுக்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். யாரு கேட்டீங்க?"

மண்ணெண்ணெய் டப்பாவை எறிந்துவிட்டு முதல் ஆள் ஓடினான். பின்னாலேயே மற்றவர்கள். நடுத்தெருவில் மிச்சம் நின்றது அவள் கணவர் மட்டும், டயர் மாலைகளோடு. அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் திரும்பி ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலையே சுகாதாரத் துறை அதிகாரி வந்தார். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உள்ளே போகக் கூடாது என்று பலகை மாட்டினார். பிறகு ஊசியக்காவை போனில் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, தனியறையை விட்டு வெளியே வந்தது குற்றம். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவரே இப்படிச் செய்யலாமா? செய்தது தப்புதான் என்று அவளுக்கும் தெரியும். படியடி இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லி உத்தரவிட்டார். பூட்டு வாங்கி வந்து போட்டவர் அவள் கணவர்.

அந்தப் பூட்டு விழுந்த சத்தத்துக்கு அப்புறம்தான் அவள் உண்மையிலேயே அடைபட்டாள். அதுவரை கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான். இப்போது மூச்சு முட்டியது. தீப்பிடித்தால்? ராத்திரி மூச்சுத் திணறினால்? சாவி எங்கே இருக்கிறது? கதவுப் பக்கம் பார்க்காமல் இருக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டைக் கொண்டுவந்த கணவர் அன்று தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. கதவுக்கு வெளியே மேல்படியில் உட்கார்ந்தார். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"எம்மேல கோவமா?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"டயர் தராட்டி கடைய எரிப்பேன்னு சொன்னாங்க. உன்ன வேற எங்கயாவது கொண்டுபோய்ப் போடச் சொல்லி மனு எழுதியிருக்காங்க. நானும் அவங்களோட நின்னா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"நான் ஜன்னல்லேருந்து கூப்பிட்டப்ப ஒரு தடவ மேல பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருந்தா டயரப் போட்டுட்டு வந்திருப்பேன். அதான் பாக்கல."

அவள் கதவுக்கு இந்தப்பக்கம் தரையில் உட்கார்ந்தாள். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். "கைய கழுவிட்டுத்தான் தட்ட எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"சோப்பு போட்டு. ரெண்டு தடவ."

"பூட்ட மாட்டிட்டு சாவிய எங்க வெச்சீங்க?"

"கழுத்துல. கயித்துல கோத்துப் போட்டிருக்கேன். தூங்கும்போதும் கழட்டல."

அதைக் கேட்டபின் அவளால் சாப்பிட முடிந்தது.

மிச்ச நாள்கள் ஒருவழியாக நகர்ந்தன. காய்ச்சல் வரவில்லை. கடைசிப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. கணவர் பூட்டைத் திறந்தார். அவள் கீழே இறங்கி, தெருவில் நின்று, வெயிலைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. அரிசிக் கடைக்காரர் பாக்கியைக் கையில் தராமல் மேஜைமேல் வைத்தார். காய்ச்சல் யாருக்கும் பரவவில்லை என்பதையும், தெருவில் ஒரு குட்டிகூட விழவில்லை என்பதையும் யாரும் பேசவில்லை. அவள் இரண்டு படி இறங்கியதை மட்டும் எல்லோரும் பேசினார்கள். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் வாசல் காலியாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை வேலைக்கு உடனே சேர்த்துக்கொண்டார்கள். தெருதான் சேர்த்துக்கொள்ளவில்லை. குட்டிகள் கிளையைப் பிடித்தபடி இறக்கை அடித்துப் பழகி, ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கிய பருவத்தில், அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் புதுக் கடை. அங்கே யாருக்கும் அவளை ஊசியக்கா என்று தெரியாது. மெக்கானிக் வீட்டம்மா, அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் சத்தம் மட்டும் அவளுக்கு இன்றும் ஆகாது. குளிக்கப் போனால்கூட உள்ளே தாழிட மாட்டாள். யாராவது வந்து கதவைத் தள்ளிவிடப் போகிறார்களே என்று கணவர்தான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளேயிருந்து, "இருக்கீங்களா?" என்று குரல் வரும்.

"இருக்கேன், இருக்கேன். நீ குளி," என்பார், ஏதோ ஒரு வண்டியின் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே.