மேடையில் கட்டிய வெள்ளைச் சீலை

அக்காவை முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு நரை விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு அது பஞ்சு என்று தெரிந்தது. பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்றவர்கள் தலையில் அப்படித்தான் படியும். காதோரத்திலும் புருவத்திலும்கூட மெல்லிய வெள்ளைத் தூசி இருந்தது. காலையில் மெஷின்களை ஓட்டிவிட்டு, குளிக்க நேரமில்லாமல், பெருமாநல்லூரில் பஸ் ஏறி வந்திருந்தார். நாடகத்துறையின் முதல் வகுப்பு அது. துறைத் தலைவர் எங்கள் ஐந்து பேரையும் வட்டமாக உட்காரவைத்து, ஏன் இந்தப் படிப்பு என்று ஒவ்வொருவரையும் கேட்டார். சினிமாவுக்குப் போகவேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்க விடுதி வேண்டியிருந்தது என்று ஒருவன் உண்மையைச் சொன்னான். ஆங்கில இலக்கியத்தில் இடம் கிடைக்காததால் வந்தவள் நான். அதைச் சொல்லாமல் நாடகம் பிடிக்கும் என்றேன். அக்கா சொன்னது மட்டும் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. "ஊட்டுல மெஷின் சத்தத்துல கத்திக் கத்தியே பேசிப் பழகிப்போச்சுங்க சார். மெதுவாப் பேசுனா எப்படி இருக்கும்னு பாக்கோணும். அதுக்குத்தான் வந்தேன்."

சிறிய பல்கலைக்கழகம் அது. எல்லாத் துறைகளையும் சேர்த்தாலும் ஒரு பெரிய பனியன் கம்பெனியில் ஒரு ஷிஃப்டுக்கு வரும் கூட்டம் இருக்காது. கேன்டீனுக்கென்று கட்டிய தகரக் கூரைக் கூடம் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மழை பெய்தால் வசனம் கேட்காது, ஒத்திகையை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். அக்காவின் குரல் மட்டும் மழையிலும் கடைசி வரிசைக்குப் போகும். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள், கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் பி.ஏ. முடித்தவர். அவரை அக்கா என்று முதலில் கூப்பிட்டது நான்தான். பிறகு துறைத் தலைவரே அப்படித்தான் கூப்பிட்டார்.

என் அப்பா தெற்கிலிருந்து பிழைக்க வந்த டெய்லர். இந்த ஊர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் சேர்கிற அந்த 'ங்க' என் வாயில் கடைசிவரை இயல்பாக வரவில்லை. அக்காவின் குடும்பமோ தலைமுறை தலைமுறையாக இங்கேயே காடு வைத்து விவசாயம் செய்தவர்கள், தோட்டத்தில் ஷெட் போட்டு மெஷின் இறக்கியவர்கள். ஆனால் ஒத்திகையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை. இரண்டாம் ஆண்டில் துறைத் தலைவர் எழுதிய நாடகத்தில் எங்கள் இருவருக்கும் பெரிய வேடங்கள் கிடைத்தன. சாயப்பட்டறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, மூச்சு முட்டிச் செத்துப்போகிற ஒருவனின் குடும்பக் கதை. அக்கா அவன் மனைவி. நான் அவனுடைய தங்கை. அண்ணிக்குப் பொட்டை அழித்து, தாலியை வாங்கி, வெள்ளைச் சீலையைக் கட்டிவிடுவது நான்தான்.

கணவன் உயிரோடு இருக்கும் பெண் மேடையில் அதைச் செய்யலாமா என்ற கேள்வியை எங்களில் யாரும் எழுப்பவில்லை. எழுப்பியவர் துறைத் தலைவர். அக்காவைத் தனியாக அழைத்து, வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். மறுநாள் வந்த அக்கா, வீட்டுக்காரர் சிரித்தார் என்று சொன்னார். "நாடகந்தானே, கட்டிக்கன்னு சொல்லிப்போட்டாருங்க." சொந்தத் தாலியை ரவிக்கைக்குள் ஊக்குப் போட்டு மறைத்துவிட்டு, மேடைக்கென்று வேறொரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டார். கடையில் வாங்கிய வெள்ளைச் சீலை விளக்கொளியில் கஞ்சி மொடமொடப்போடு புதுசாகத் தெரிந்ததால், துவைத்துத் துவைத்து நைந்த ஒன்று வேண்டும் என்றார் துறைத் தலைவர். அக்காவின் மாமியார் விதவை. அந்தக் காலத்து வழக்கப்படி வெள்ளையைத் தவிர வேறு கட்டாதவர். நாடகத்துக்குப் பழைய சீலை ஒன்று வேண்டும் என்று அக்கா கேட்டார். மாமியார் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

அரங்கேற்றத்துக்கு அக்காவின் வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். மகள், கணவர், மாமியார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டாவது வரிசை. அந்தக் காட்சி வந்தபோது நான் அக்காவின் நெற்றியைத் துடைத்தேன், கயிற்றை அறுத்தேன், சீலையைத் தோளில் போட்டேன். அக்கா அழுத அழுகை கூரையில் மோதித் திரும்பியது. முன்வரிசைப் பேராசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து மாமியார் எழுந்து, யாரையும் பார்க்காமல், நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனார். நடிக்கிறவர்களுக்குக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து போவது நன்றாகவே தெரியும். நாடகம் முடிந்து வெளியே வந்து பார்த்தால், வேப்பமரத்தடியில் கார் கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்திருந்தார். அக்கா போய்க் கேட்டதற்கு, புழுக்கமாக இருந்தது என்று மட்டும் சொன்னாராம்.

அந்த மாதம் முடிவதற்குள் அக்காவின் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. காலையில் மெஷினுக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சு தொடங்கிவிட்டது. கட்டியவன் இருக்கும்போது வெள்ளைச் சீலை கட்டினால் வேறு என்ன நடக்கும் என்று ஒரு சொந்தக்காரர் அக்கா காதில் விழும்படியே சொன்னார். அக்கா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். போனில் கூப்பிட்டால், மெஷின் சத்தத்துக்கு நடுவே பழைய உரத்த குரலில், "அப்பறம் பேசறேன் கண்ணு" என்பார்.

இறுதித் தேர்வுக்கு அதே நாடகத்தை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நடித்துக் காட்டவேண்டும். அக்கா வராவிட்டால் அவருடைய இரண்டு வருடப் படிப்பு வீண். துறைத் தலைவர் ஒரு வழி சொன்னார். வேடங்களை மாற்றிக்கொள்ளலாம், நான் மனைவி, அக்கா தங்கை. அதைச் சொல்லத்தான் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கணவர் கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார், மெலிந்திருந்தார். மாமியார் பின்வாசல் அருகே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சரி என்றுவிட்டார். அவ்வளவு வேகமாகச் சம்மதித்ததிலேயே அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார் என்பது தெரிந்தது. அங்கேயே கூடத்தில் நின்று எனக்கு அந்தக் காட்சியைக் காட்டத் தொடங்கினார். எங்கே நிற்பது, எந்த இடத்தில் முட்டி மடங்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டியவர், நெற்றிக்கு வரும் கட்டத்தில் கையைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டு, "அங்க உனக்கே தெரியும்" என்றார்.

கட்டிலிலிருந்து கணவர் பேசினார். "ஏனுங்க அம்மிணி, அவளே பண்ணட்டுமுங்க. டாக்டரு எனக்குப் படம் போட்டுக் காட்டுனாரு. அடைப்பு எங்க இருக்குது, எதுனால வந்துதுன்னு எல்லாஞ் சொன்னாரு. அதுல சீல எதுவும் தெரியலீங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. அவர் கண் பின்வாசல் பக்கமே இருந்தது.

மாமியார் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் எந்திரிச்சுப் போனது இவனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு இல்ல" என்றார். நாங்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. "ஆஸ்பத்திரில எல்லாரும் அப்படிப் பேசுனாங்க. நானும் பேசாம இருந்துட்டேன். எனக்கு வெள்ளச் சீல கட்டி உட்டப்ப இவனுக்கு நடக்கத் தெரியாது. என்னைய யாரும் ஒண்ணுங் கேக்கல. நிக்கச் சொன்னாங்க, நின்னேன். இவ என்ற சீலையவே கட்டிக்கிட்டு நிக்கறா. வெளக்கு அணைஞ்சா அதைக் கழட்டிப் போட்டுட்டு, பொட்டு வெச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வரப் போறா. அதை உக்காந்து பாக்க என்னால ஆகல."

அக்கா கூடத்தின் நடுவில், எனக்குக் காட்டிக்கொண்டிருந்த அதே நிலையில் நின்றார். "அப்ப நான் பண்ணலீங்க அத்தை" என்றார்.

"பண்ணு. படிச்சதை எதுக்குக் கெடுத்துக்கோணும்? என்ற சீல மட்டும் வேண்டாம். வேற எடுத்துக்க."

பஸ் நிறுத்தம் வரை அக்கா என்னுடன் நடந்து வந்தார். அத்தையோடு ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்றார். பஸ் வந்ததும், "நானே பண்றேன்னு சார்கிட்ட சொல்லிரு" என்றார்.

தேர்வு நாளன்று அக்கா புதுச் சீலையோடு வந்தார். விளக்கில் மொடமொடப்புத் தெரியத்தான் செய்தது, துறைத் தலைவர் எதுவும் சொல்லவில்லை. காட்சி வந்தது. நான் நெற்றியைத் துடைத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் வெடிக்கும் அழுகை வரவில்லை. அக்கா முகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றார். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு உடுத்திவிடும்போது குழந்தை நிற்குமே, அப்படி. கையைத் தூக்கு என்றால் தூக்கி, திரும்பு என்றால் திரும்பி. சீலையின் ஓரத்தை விரல்களால் ஒரு தடவை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். ஒத்திகையில் இல்லாதது இது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் நான் அழுதுவிட்டேன், நிஜமாகவே அழுதேன். தேர்வாளர் எனக்கு நிறைய மதிப்பெண் போட்டார். அக்காவைப் பற்றி, முக்கியமான கட்டத்தில் உணர்ச்சி வெளிப்பாடு குறைவு என்று துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தேறினார், எங்கள் வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்ணில். அதைக் கேட்டு அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் மாமியார், எப்படிப் பண்ணினாய் என்று கேட்டாராம். அழவில்லை என்று அக்கா சொன்னாராம். மாமியார் சரி என்றாராம். இருவருக்கும் அவ்வளவு பேச்சு போதுமாக இருந்திருக்கிறது.

அந்தத் துறை இப்போது தனியாக இல்லை. தமிழ்த்துறையில் நாடகம் ஒரு தாளாகச் சுருங்கிவிட்டது. தகரக் கூடத்தை மறுபடி கேன்டீனாக்கிவிட்டதாகக் கேள்வி. துறைத் தலைவர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். நான் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டு விழாவுக்கு ராஜா ராணி வேடங்கள், சுற்றுச்சூழல் பற்றி ஒரு குறுநாடகம், அவ்வளவுதான் என் தொழில். அக்காவின் கணவர் நன்றாக இருக்கிறார், காலையில் நடக்கிறார், மெஷின்களைக் கூட்டியிருக்கிறார், ஒடிசாப் பையன்களிடம் அரைகுறை இந்தி பேசி வேலை வாங்குகிறார். அக்கா, கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை பார்த்து, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நாடகம் போடுகிறார். எங்கள் ஐந்து பேரில் படித்த படிப்பை மேடைக்குக் கொண்டுபோனவர் அவர் மட்டும்தான். சினிமாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து துணி வியாபாரம் செய்கிறார்கள்.

போன மாதம் அவர் நாடகம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவுக்கு ஒரு பைத்தியக்காரியின் வேடம். முன்வரிசையில் மாமியார் எப்போதும்போல வெள்ளைச் சீலையில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது எல்லா நாடகத்துக்கும் வருகிறார் என்று அக்காவின் மகள் சொன்னாள். முழுவதையும் பார்த்தார். விளக்கு அணைந்து கைத்தட்டல் ஓய்ந்ததும், பேத்தியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து, மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறை வாசலுக்குப் போய் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம், "உள்ள மாத்திக்கிட்டிருக்கா, செத்த நில்லுங்க" என்றார். நானும் நின்றேன். கதவு திறந்து அக்கா முகம் கழுவி, தன்னுடைய சீலையில், பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமியார் அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வந்துட்டியா, வா போலாம்" என்றார்.